பால்குடி மறக்கச் செய்து நான்கு நாள்களாகின்றன: மார்பு கல்போல் இறுகி வலிக்கிறது

கேள்வி:

வணக்கம். என் மகனுக்கு ஒரு வயதும் எட்டு மாதங்களும் ஆகின்றன. அடுத்த வாரம் நான் மீண்டும் வேலைக்குச் செல்ல வேண்டியிருப்பதால், வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடி வேப்பிலையை அரைத்துக் காம்பில் தடவி, ஒரே நாளில் தாய்ப்பாலை நிறுத்திவிட்டேன். அவன் இரண்டு இரவுகள் அழுதான், இப்போது பழகிவிட்டான். ஆனால் எனக்குத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு மார்பிலும் பால் கட்டிக்கொண்டு, அக்குள் வரை வலி பரவுகிறது. ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியவில்லை. காய்ச்சல் இல்லை. துணியால் இறுக்கிக் கட்டு என்று அம்மா சொல்கிறார். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் போதும் என்று மாமியார் சொல்கிறார். பாலைப் பீய்ச்சி எடுத்தால் மறுபடியும் ஊறிவிடும் என்று இருவருமே தடுக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில் 1 (இரண்டு குழந்தைகளின் தாய்):

சகோதரி, மூத்தவளுக்கு நிறுத்தியபோது நானும் இதே தவற்றைச் செய்தேன். பீய்ச்சவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததில், ஆறாம் நாள் ஒரு பக்கம் சிவந்து, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து, மருத்துவரிடம் ஓட வேண்டியதாயிற்று. இளையவனுக்கு இரண்டு மாதங்கள் எடுத்துக்கொண்டு, முதலில் பகல் நேரப் பால், கடைசியாகத் தூங்கும்போது கொடுக்கும் பால் என்று ஒவ்வொன்றாகக் குறைத்தேன். வலி என்பதே தெரியவில்லை. தயவுசெய்து வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

பதில் 2 (பிரசவ வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்):

அம்மா, பால் எடுக்க எடுக்கத்தான் சுரக்கும் என்பது உண்மைதான். ஆனால் மார்பை முழுவதும் காலி செய்தால்தான் சுரப்பு வேகமெடுக்கும். இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும், வெந்நீரில் குளிக்கும்போது கையால் மெதுவாகச் சிறிது பீய்ச்சிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதிப் பால் உள்ளே தங்குவதே சுரப்பைக் குறைக்கச் சொல்லும் செய்தியாகிவிடும். பீய்ச்சும் இடைவெளியை நாளுக்கு நாள் நீட்டிக்கொண்டே போங்கள். பிறகு மெல்லிய துணியில் பனிக்கட்டியைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை மார்பின்மேல் வைப்பதும் பலருக்கு இதம் தருகிறது. வலி அதிகமானால் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்று, ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறைக்கு மேல் போகாமல் எடுத்துக்கொள்ளலாம். கட்டியைக் கரைக்கிறேன் என்று அழுத்தித் தேய்க்க வேண்டாம். அது வீக்கத்தைக் கூட்டிவிடும்.

துணியால் இறுக்கிக் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பால் வரும் குழாய்கள் அழுந்தி அடைத்துக்கொள்ளும். நன்றாகத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் இறுக்காத உள்ளாடையே போதுமானது.

மாமியார் சொன்ன மல்லிகைப்பூவை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். பிரசவமான உடனே பாலை நிறுத்த வேண்டியிருந்த தாய்மார்களுக்கு மல்லிகைச் சரத்தை மார்பில் ஒட்டியும், பாலை வற்ற வைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரை கொடுத்தும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 1988-இல் வெளியானது. பூவாலும் பால் குறைந்தது. ஆனால் அது புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்களிடம் செய்த ஆய்வு. இருபது மாதம் பால் கொடுத்த உங்களுக்கு அதே பலன் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. பூ வைப்பதால் தீங்கில்லை. அதை இறுக்கிக் கட்டாமல் இருந்தால் சரி. பாலை வற்ற வைக்கும் மாத்திரையை மட்டும் மருத்துவர் எழுதித் தராமல் கடையில் வாங்காதீர்கள். இரத்த அழுத்தம், இதய நோய், மனநோய் இருந்தவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

அக்குளில் வலிப்பதற்கு அஞ்ச வேண்டாம். பால் சுரக்கும் திசு அங்கு வரை நீண்டிருக்கிறது. ஆனால் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, ஓரிடம் சிவந்து சூடாக இருந்தாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி அம்மா. நேற்று குளிக்கும்போது சிறிது பீய்ச்சினேன். ஒரு வாரத்திற்குப் பிறகு தூங்கியதுபோல் இருந்தது. ஆனால் காரணமில்லாமல் அழுகை வருகிறது. இதுவும் பாலை நிறுத்தியதால்தானா?

பதில் 2:

ஆம், அம்மா. பால் சுரக்க உதவிய ஹார்மோன்கள் திடீரென்று குறையும்போது மனமும் தளர்வது உண்டு. பலரும் இதை வெளியே சொல்வதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மகனுக்கு இன்னும் விருப்பம் இருந்து, உங்களுக்கும் மனம் இருந்தால், இரவில் ஒரு வேளை பால் மட்டும் திரும்பக் கொடுத்து, சில வாரங்களில் மெல்ல விட்டுவிடலாம். வேலைக்குப் போவதற்கு அது தடையாகாது. வீக்கம் வடிந்த பிறகும், அழுத்தினால் சில துளிகள் பல மாதங்கள் வரை வரலாம். ஆனால் இரண்டு வாரங்கள் கழித்தும் ஓரிடத்தில் உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டால், பால் கட்டுதான் என்று நீங்களாக முடிவு செய்யாமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.