புதுப்பிப்பு: ராக் கச்சேரிப் படங்களில் அப்பிய சிவப்பு ஒருவழியாகத் தீர்ந்தது

ராக் இசைக்குழுப் படக் கண்காட்சிக்குப் போட்ட பிரிண்ட்களில், சிவப்பு மேடை விளக்கில் எடுத்த முகங்கள் சாயம் கொட்டியது போல அப்பிக் கிடக்கின்றன என்று கேட்டிருந்தேனே, முடிந்தது. யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) மாற்றியதில் பலனில்லை. எல்இடி சிவப்பில் வேறு நிறம் இருந்தால்தானே திரும்பி வரும்! ரா கோப்பில் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பில்) எக்ஸ்போஷரையும், அதாவது வெளிச்ச அளவையும், சிவப்பின் செறிவையும் குறைத்து, அச்சகத்தின் ஐசிசி புரொஃபைலை (அவர்களின் அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பை) வைத்துத் திரையிலேயே பார்த்துவிட்டு அச்சிடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. பாடகரின் மூக்கு விளிம்பு, நெற்றி வியர்வைத் துளிகூடத் தெரிந்தன. மூன்று படங்கள் அதற்கும் மசியவில்லை, கறுப்பு வெள்ளையாக்கிவிட்டேன்.

எதிர்பாராத தொல்லை படச் சட்டத்தின் கண்ணாடி. இருட்டுப் பின்னணியில் பார்ப்பவர் முகமே தெரிந்தது. விளக்கைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்தும் எதிர்ச்சுவரின் பிரதிபலிப்பு போகவில்லை. கடைசியில் பளபளப்பில்லாத மேட் தாளில் மறுபடி அச்சிட்டு, கண்ணாடி இல்லாமலே மாட்டினேன்.