அலெண்ட்ரோனேட் மாத்திரை: காபிக்கு முன்னா, பின்னா?

கும்பகோணம்: அம்மாவுக்கு எலும்புப்புரை. அலெண்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒன்று. விடிகாலை டிகிரி காபியோடு கொடுக்கலாமா? கால்சியம் மாத்திரையும் இருக்கு.

தஞ்சாவூர்: காபியோடு வேண்டவே வேண்டாம், மருந்து உடம்பில் சேர்வது பாதிக்கு மேல் குறைந்துவிடும். எழுந்ததும் வெறும் வயிற்றில், 200 மி.லி. பச்சைத் தண்ணீரோடு முழுசாக விழுங்கணும். காபி டம்ளர் அளவு தண்ணீர் போதாது. மெல்லவோ சப்பவோ கூடாது. பிறகு அரை மணி நேரம் திண்ணையில் நிமிர்ந்து உட்காரட்டும், படுக்கவே கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். அதன்பின் காபி, பலகாரம்.

மன்னார்குடி: கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. கிழமை மறந்தால், நினைவு வந்ததற்கு மறுநாள் காலை ஒன்று, ஒரே நாளில் இரண்டு கூடாது. விழுங்கும்போது வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

திருவாரூர்: பல் பிடுங்கப் போனால் இந்த மருந்தைக் கட்டாயம் சொல்லுங்க, தாடை எலும்பு ஆறாமல் போகலாம். தொடையில் புதுசா வலி வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்க.