ஜெர்மன் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு என்ன சொல் விளையாட்டு வைக்கலாம்?

கேள்வி – மாலை வகுப்பு ஆசிரியை:
வணக்கம். ஏ1 என்னும் தொடக்க நிலை ஜெர்மன் வகுப்பு நடத்தி வருகிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் பணி முடித்து நேரே வகுப்புக்கு வரும் செவிலியர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் நான் தமிழ்ச் சொல்லைக் கூற, அதற்குரிய ஜெர்மன் சொல்லை முதலில் சொல்பவருக்கு ஒரு புள்ளி என்று விளையாடுகிறோம். எப்போதும் அதே இரண்டு மூன்று பேர் முந்திக்கொள்ள, மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. சொல்பவர்களும் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (நடுப்பால்) ஆகியவற்றை விட்டுவிட்டு வெறும் பெயர்ச்சொல்லை மட்டும் சொல்கிறார்கள். எல்லோரையும் யோசிக்க வைக்கும் விளையாட்டு ஏதேனும் உண்டா?

மறுமொழி – பள்ளி ஆசிரியர்:
முந்துபவருக்கே புள்ளி என்ற விதி இருக்கும்வரை இது மாறாது. மூன்று சுவர்களில் டெர், டீ, டாஸ் என்று எழுதிய தாள்களை ஒட்டுங்கள். நீங்கள் 'லாம்பெ' (விளக்கு) என்றதும் ஒவ்வொருவரும் அதன் பாலை நோட்டில் எழுதிய பிறகே உரிய சுவருக்குப் போக வேண்டும். எழுதச் சொல்லாவிட்டால் கூட்டம் போகும் பக்கமே எல்லோரும் போவார்கள். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்', 'ஷென்' விகுதியால் டாஸ் சுவருக்குப் போகும் அன்று வகுப்பில் சண்டையே நடக்கும். நடக்கட்டும்.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்:
ஜெர்மானியக் குழந்தைகள் விளையாடும் பெட்டி கட்டும் விளையாட்டை வைத்துப் பாருங்கள். 'இஷ் பாக்கெ மைனென் கோஃபர்' (என் பெட்டியைக் கட்டுகிறேன்) என்று தொடங்கி, பெட்டியில் வைக்கும் பொருள் ஒன்றை ஒருவர் சொல்ல, அடுத்தவர் அதையும் சொல்லித் தம்முடையதையும் சேர்க்க வேண்டும். டெர் ரொக் (பாவாடை) இங்கே 'ஐனென் ரொக்' (ஒரு பாவாடையை) ஆகிவிடும். டீ ஹோஸெ (கால்சட்டை) 'ஐனெ ஹோஸெ' என்றும், டாஸ் ஹெம்ட் (சட்டை) 'ஐன் ஹெம்ட்' என்றும் வரும். ஆகவே பால் தெரியாமல் யாரும் வாக்கியத்தை முடிக்க முடியாது. நான்கு நான்கு பேராகப் பிரித்துவிடுங்கள். வகுப்பு முழுவதும் ஒரே வரிசை என்றால் தம் முறை வருவதற்குள் பாதிப்பேர் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

மறுமொழி – முன்னாள் பயிற்றுநர்:
எந்த விளையாட்டு என்பதைவிட எந்தச் சொற்கள் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். உளவியல் ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடப்பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். அது சொற்பட்டியலை வைத்து நடந்த ஆய்வு அன்று என்றாலும், அன்றைய சொற்களை அன்றே கேட்டு, எல்லோருக்கும் தெரிகிறது என்று நாம் மகிழ்வதில் பொருளில்லை என்பதே என் கருத்து. சென்ற வாரச் சொற்களைப் பாதிக்குமேல் கலந்து வையுங்கள். தவறிய சொல்லின் அட்டையைத் தனியே எடுத்து வைத்து அடுத்த வகுப்பில் முதலில் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பெட்டி விளையாட்டை உடைகள் பாடத்தோடு வைக்கிறேன். ஆனால் பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வருபவர்களைச் சுவருக்குச் சுவர் நடக்கச் சொல்ல மனம் வரவில்லை.

மறுமொழி – பள்ளி ஆசிரியர்:
அப்படியென்றால் உட்கார்ந்தபடியே ஆடட்டும். டெர்ருக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை என்று ஆளுக்கு மூன்று அட்டைகள் கொடுத்து, நீங்கள் கை தட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் உயர்த்தச் சொல்லுங்கள்.