சந்தேகம் எழுப்பிய ஆய்வாளருக்கு நிறுவனம் தந்த பதிலை எப்படி எடைபோடுவது?

தண்டையார்பேட்டை ஷிஃப்ட்:

வணக்கம். மணலியில் கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். ஓவர்டைம் காசைச் சேர்த்து, பம்பு செட் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் 340 பங்குகள் வாங்கியிருக்கிறேன், சராசரி 410 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்த பணம்.

போன மாதம் ஒரு ஆய்வாளர் அந்த நிறுவனத்தைப் பற்றி 30 பக்க அறிக்கை வெளியிட்டார். மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். விற்பனை 600 கோடியிலிருந்து 690 கோடி ஆனபோது, வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கி மட்டும் 150 கோடியிலிருந்து 240 கோடி ஆனது ஏன்? வங்கியில் 180 கோடி இருப்பு காட்டிக்கொண்டு 140 கோடி கடன் எதற்கு? பெரிய டீலர் ஒருவரின் முகவரியும் நிறுவனருடைய உறவினரின் முகவரியும் ஒன்றாக இருப்பது எப்படி?

நிறுவனம் 9 பக்கத்தில் பதில் கொடுத்தது. முதல் நாலு பக்கம் நிறுவனரின் உழைப்பு, வாங்கிய விருதுகள். அப்புறம் ஆய்வாளர் அனுபவமில்லாதவர், உள்நோக்கம் கொண்டவர், சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று போகிறது. பங்கு இப்போது 335-ல் நிற்கிறது. பதிலைப் படித்ததும் எனக்குத் தைரியம்தான் வந்தது. ஆனால் கூட வேலை பார்ப்பவர், 'இவ்வளவு கோபம் எதற்கு?' என்று கேட்டார். அதிலிருந்து தூக்கம் வரவில்லை. எப்படிப் பார்ப்பது?

எம்.சி. ரோடு கணக்கு:

தம்பி, நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் 22 வருடம் கணக்கு எழுதியவள். சரக்கின் பேரில் வங்கிக் கடன் உண்டு, அதனால் மாதாமாதம் சரக்கு இருப்புப் பட்டியல் அனுப்புவோம். ஒருமுறை புதிதாக வந்த வங்கி அதிகாரி, 'பட்டியலில் 160 பேல் (துணிக்கட்டு) இருக்கிறது, உங்கள் குடோனில் 120-க்கு மேல் அடுக்கவே இடமில்லையே' என்றார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் என்னைக் கூப்பிட்டு, சாயப்பட்டறைக்குப் போன 40 பேலின் லாரி ரசீதைக் கொடுக்கச் சொன்னார். அதிகாரி பட்டறைக்குப் போன் போட்டு விசாரித்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதே தெருவில் இன்னொரு கடைக்காரரிடமும் அவர் இப்படித்தான் கேட்டார். அவர் மேலிடத்தில் பேசி அதிகாரியை மாற்றப் பார்த்தார். அடுத்த தீபாவளிக்கு அந்தக் கடை இல்லை.

இரண்டு பேருக்கும் கோபம் வந்தது, அதனால் கோபத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ரசீது வந்ததா என்று பாருங்கள். டீலர் முகவரி விஷயத்துக்கு என்ன சொன்னார்கள்? மற்ற இரண்டுக்கும் எண் ஏதாவது கொடுத்தார்களா?

தண்டையார்பேட்டை ஷிஃப்ட்:

முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி பதிவு இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் 'தொழிலின் இயல்பு' என்று ஒரே வரி, எண் எதுவும் இல்லை அக்கா.

எம்.சி. ரோடு கணக்கு:

அப்படியானால் முகவரிக் கேள்வியில் நிறுவனம் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற இரண்டையும் நாமே போட்டுப் பார்ப்போம். பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், போன வருடம் பாக்கி வசூலாக 91 நாள், இந்த வருடம் 127 நாள். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்த அட்டவணை இருக்கும்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், அதற்கு மேல். 2021-லிருந்து அது கட்டாயம். பழைய பாக்கி வீங்கியிருந்தால் 'தொழிலின் இயல்பு' என்பது பதில் ஆகாது.

வங்கி இருப்பு வருடம் முழுக்க நிஜமாக இருந்தால் வட்டி வந்திருக்க வேண்டும், அதனால் வட்டி வருமானம் எவ்வளவு என்று பாருங்கள்.

தண்டையார்பேட்டை ஷிஃப்ட்:

3.6 கோடி.

எம்.சி. ரோடு கணக்கு:

180 கோடிக்கு 2 சதவீதம்தான் வருகிறது. நம் வைப்புத்தொகைக்கே அதைவிட மிக அதிகம் கிடைக்கிறது. இதனால் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. வட்டி தராத நடப்புக் கணக்கில் கிடந்திருக்கலாம், மார்ச் கடைசி வாரத்தில் வசூலாகி ஏப்ரலில் வெளியே போயிருக்கலாம். அதைச் சொல்ல ஒரு பத்தி போதுமே. நாலு பக்கம் விருதுகளுக்கு இடம் இருந்ததே!

காசிமேடு வாசகன்:

ஆய்வாளர் பக்கமும் பாருங்கள். விலை இறங்கினால் லாபம் வரும்படி பந்தயம் கட்டிவிட்டு எழுதுபவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், காட்டுப்பள்ளி துறைமுகத்தை நடத்தும் அதானி குழுமத்தின் மேல் 88 கேள்விகள் வைத்தது, விலை சரிந்தால் தனக்கு லாபம் என்றும் சொல்லியே வெளியிட்டது. குழுமம் 413 பக்கம் பதில் தந்தது. 2025 செப்டம்பரில்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அதில் சில பரிவர்த்தனைக் குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று உத்தரவு போட்டது. அத்தனை நாள் சின்ன முதலீட்டாளர் தூங்காமல் கிடக்க வேண்டுமா?

எம்.சி. ரோடு கணக்கு:

நியாயமான பேச்சு. லாபத்துக்காகக் கேட்பவரின் கேள்வியும் சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அதனால்தான் ஆளை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். 2001 ஏப்ரலில் அமெரிக்காவின் என்ரான் எரிசக்தி நிறுவனத்தின் தலைமை அதிகாரியிடம் ஒருவர், சொத்தும் கடனும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பு ஏன் உடனே தருவதில்லை என்று கேட்டார். அவரும் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியவர்தான். தலைமை அதிகாரி எல்லோர் காதிலும் விழும்படி கெட்ட வார்த்தையில் திட்டினார். டிசம்பரில் நிறுவனம் திவால். ஜெர்மனியின் பணப் பரிமாற்ற நிறுவனமான வயர்கார்டும் கேள்வி கேட்ட பத்திரிகையை நீதிமன்றத்துக்கு இழுத்தது, 2020 ஜூனில் 190 கோடி யூரோவைக் காணோம் என்றது.

இன்ஃபோசிஸைப் பாருங்கள். 2019 அக்டோபரில் கணக்கைப் பற்றி உள்ளிருந்தே புகார் வந்து, ஒரே நாளில் பங்கு 16 சதவீதம் விழுந்தது. யாரையும் திட்டவில்லை. தணிக்கைக் குழு வெளியாட்களை வைத்து விசாரித்தது, 2020 ஜனவரியில் ஆதாரம் இல்லை என்று முடிவைச் சொன்னது.

தண்டையார்பேட்டை ஷிஃப்ட்:

அக்கா, ஆண்டறிக்கையை இறக்கிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கி 22 கோடியிலிருந்து 81 கோடி ஆகியிருக்கிறது. நேற்று 170 பங்கை விற்றுவிட்டேன், நஷ்டம்தான். அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஆன்லைனில் நடக்கிறது, பேசுவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். என்ன கேட்பது?

எம்.சி. ரோடு கணக்கு:

ஒரே கேள்வி போதும் தம்பி. 'மார்ச் 31-ல் இருந்த 240 கோடி பாக்கியில் இன்று வரை எவ்வளவு கைக்கு வந்தது?' கூட்டத்துக்கு முன்பே கம்பெனி செயலாளருக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள், அப்போதுதான் 'பார்த்துச் சொல்கிறோம்' என்று தள்ள முடியாது. என்ன எண் சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், மீதி 170-ஐ அப்புறம் பேசுவோம்.