வசந்தகாலக் காலைப் பனிக்கு ஒரு சொல்: மணியா, குறுணலா, பதமா?

கிளிநொச்சியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் தமிழில் எழுதிவரும் ஸ்கீ மலையேற்றக் (ஸ்கீயோடு மலையில் ஏறி, பனியில் வழுக்கி இறங்குவது) கையேட்டின் வசந்தகாலப் பகுதி ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் அல்ப்ஸ் சரிவுகளில் இரவு இறுகி, காலையில் மேற்பரப்பு மட்டும் இளகி, ஸ்கீக்கு அருமையாக வரும் பனிக்கு முதல் வரைவில் ‘இளகிய பனி’ என்று போட்டிருக்கிறோம். அடுத்த பக்கத்தில் பின்னேரத்துச் சொதசொதப் பனிக்கும் அதே சொல்தான். விளைவைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ‘இளகிய பனியில் இறங்குவது இலகு’. மறுபக்கத்தில் ‘இளகிய பனிச் சரிவை விட்டு உடனே விலகவும்’. எந்த இளகலில் இறங்குவது, எந்த இளகலை விட்டு ஓடுவது?

இரண்டும் ஒரே சரிவில் உள்ள ஒரே பனிதான். இடையில் கழிவது இரண்டு மணித்தியாலம், சில நாளில் அதுவும் இல்லை. அந்த நேரம் சொல்லில் தெரியவேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இதுவரை வந்த முன்மொழிவுகள்: குறுணல்பனி, மணிப்பனி, உப்புப்பனி. கடைசியானது உப்பளமுள்ள ஆனையிறவுக்காரரின் வேலை என்று ஊகிக்கிறேன். பார்வைக்குப் பொருத்தம்தான், ஆனால் ஸ்கீப் போட்டித் தடங்களில் வசந்தகாலப் பனியை இறுக்குவதற்கு உண்மையிலேயே உப்புத் தூவுகிறார்கள். உப்பு கரையும்போது சுற்றியுள்ள பனியிலிருந்து வெப்பத்தை இழுத்து அதை உறைய வைக்கும். ஆகவே ‘உப்புப்பனி’ என்றால் உப்புப் போட்ட பனி என்றுதான் விளங்கும். அதை விட்டுவிடுவோம். மற்ற இரண்டுக்கும் கருத்துச் சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து:

குறுணல் என்பது உடைந்த அரிசி, முனையும் விளிம்பும் உள்ளது. இந்தப் பனியில் நடப்பது அதற்கு நேர்மாறு. ஈரப் பனிக்குள் சிறிய மணிகளின் உருகுநிலை பெரிய மணிகளின் உருகுநிலையைவிட மிகச் சிறிதளவு குறைவு. ஆகவே சிறியவை முதலில் உருகும், அந்த நீர் பெரியவற்றில் போய் உறையும். பகலில் உருகி இரவில் உறைந்து இப்படிப் பல நாள் போனால் கூர் முனைகள் எல்லாம் அழிந்து, ஒன்று இரண்டு மில்லிமீற்றர் அளவான உருண்டை மணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டி நிற்கும். உடைந்து உண்டானவை அல்ல, வளர்ந்து உண்டானவை. ஆகவே குறுணல் பிழை.

‘மணிப்பனி’ வடிவத்துக்குச் சரி. சிக்கல் வேறு இடத்தில். வானத்திலிருந்தே வெள்ளை உருண்டையாக விழுகிற மென்மையான ஆலி ஒன்று இருக்கிறது. பனிப் படிகத்தின் மேல் குளிர்ந்த முகில் துளிகள் மோதி உறைந்து உருவாவது. மணிப்பனி என்று கேட்கிற எவருக்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். அந்த உருண்டைகள் ஒரு படையாகப் புதைந்து கிடந்தால் மேலுள்ள பனிப் பலகை (ஒன்றாக ஒட்டி இறுகிய படை) வழுக்குவதற்கு வழி செய்யக்கூடும். ஒன்றை மற்றதாக விளங்கிக்கொண்டால் ஆபத்து இரு பக்கமும்.

ஜேர்மன் மொழியின் ‘ஃபிர்ன்’ என்பதை அப்படியே எடுக்கலாம் என்று யாரும் சொல்லமுன் இதையும் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் ஸ்கீக்காரர் அந்தச் சொல்லை வசந்தகாலக் காலைப் பனிக்குத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பனியாற்று ஆய்வில் அது ஒரு கோடையையாவது தாண்டிக் கிடந்து, இன்னும் பனிக்கட்டியாக இறுகாத பழம்பனியைக் குறிக்கும். ஒரே புத்தகத்தில் பனியாற்றுப் பகுதியும் இருப்பதால் அந்தச் சொல்லை எடுத்தால் அடிக்குறிப்புப் போட்டே மாய வேண்டும்.

2009 இல் யுனெஸ்கோ வெளியிட்ட பருவப்பனிக்கான சர்வதேச வகைப்பாட்டில் ‘உருகல் வடிவங்கள்’ என்று தனி வகுப்பு இருக்கிறது. கொத்து மணி, பல்படிக மணி, நீர்ச்சேற்றுப் பனி, உருகி உறைந்த பொருக்கு என்று நான்கு உட்பிரிவு. நாங்கள் தேடுகிற பனி இதில் ஒரே பெட்டிக்குள் அடங்காது. அடியில் பொருக்கு, மேலே சில சென்ரிமீற்றர் கொத்து மணி. இது ஒரு வடிவத்தின் பெயரல்ல, ஒரு நிலையின் பெயர் என்றே எனக்குப் படுகிறது. நிலைக்கு ஒரு சொல் யாரிடமாவது இருக்கிறதா?

ஒட்டுசுட்டானிலிருந்து:

ரீச்சர், நிலை எண்டு சொன்னபடியால் எழுதுறன். எங்கட செங்கபில மண் காய்ஞ்சால் கல்லு, நனைஞ்சால் பசை. ரெண்டுக்கும் இடையில கொஞ்ச நேரம் உழலாம். அதைப் பதம் எண்டுதான் சொல்லுறது. பதம் வரும், இருக்கும், கெடும். கையில பிடிச்சுப் பார்த்துத்தான் தெரியும், கலண்டரைப் பார்த்துத் தெரியாது. மேட்டுக்காணிக்கு வாற நேரம் பள்ளக்காணிக்கு வராது. நீங்கள் சொல்லுற பனியும் இதே கதைதானே? ‘பனி பதத்துக்கு வந்திட்டுது’, ‘பனியின்ர பதம் கெட்டிட்டுது’ எண்டு எழுதினால் என்ன குறை? புதுச்சொல் ஏன் செய்யவேணும்?

வவுனியாவிலிருந்து:

அண்ணை, இதை இரவு முழுக்க உருட்டிப் பார்த்தேன். பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு தடை.

முதலாவது, ‘பதப்பனி’ என்று ஒட்டினால் பதப்படுத்திய பனி என்று ஆகிவிடும். விடுதிப் பக்கத்துத் தடங்களில் இரவிரவாக இயந்திரம் ஓட்டி அமுக்கி வரிவரியாக்கிய பனிதான் பதப்படுத்திய பனி. மலையேற்றக்காரர் போகிற இடத்தில் அது கிடையாது. இரண்டாவது, ‘பதங்கெட்ட’ என்று சேர்த்து எழுதினால் க.பொ.த. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் ‘பதங்கமாதல்’ கண்ணில் படும். திண்மம் நேரடியாக ஆவியாவது. வறண்ட காற்றில் பனி அப்படியும் குறையும் என்பதால் அந்தச் சொல் இதே கையேட்டில் வருகிறது. ஆகவே ‘பதம் கெட்ட’ என்று பிரித்தே எழுதவேண்டும், சொற்பட்டியலில் பதத்தைத் தனிச்சொல்லாகவே வைக்கவேண்டும்.

மணிக்கு வேறு முன்மொழிவு: உருகி உறைந்த மணி என்பதைச் சுருக்கி ‘உருகுறை மணி’, அதே வழியில் ‘உருகுறைப் பொருக்கு’. இவை பனிக்குழி வெட்டி, உள்ளே தெரியும் படைகளைப் பார்த்து எழுதுகிற அட்டவணைக்கு. ஸ்கீக்காரரின் வாய்க்குப் பொருக்கு, பதம், பதம் கெட்டது என்ற மூன்றும் போதும்.

பதத்துக்கு வரைவிலக்கணம் வேண்டுமென்றால் கைச் சோதனையோடு சேர்த்து எழுதலாம். அதே வகைப்பாட்டில் நீர் அளவு கனவளவு வீதத்தில் இருக்கிறது. 3 வீதம் வரை ஈரலிப்பு: கையில் பிடித்தால் ஒட்டும். 3 முதல் 8 வரை ஈரம்: மணிகளுக்கிடையில் நீர் இருப்பது பத்து மடங்கு பெருக்கும் வில்லையில் தெரியும், பிழிந்தால் சொட்டாது. 8 முதல் 15 வரை மிகை ஈரம்: பிழிந்தால் நீர் வரும். அதற்கு மேல் ஊறல். மேற்பரப்பைப் பிழிந்து நீர் கையில் வழிந்தால், பதம் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாங்குளத்திலிருந்து:

ரீச்சரின் வரைவிலக்கணத்தில் ஒரு ஓட்டை. மேற்பரப்பை மட்டும் பிழிந்து பார்த்தால் போதாது. பதம் என்பது மேலே இளகியது மட்டுமல்ல, கீழே பொருக்குத் தாங்குவதும்தான். முகில் மூடிய இரவுக்குப் பிறகு காலை 7 மணிக்கே மேற்பரப்பு மென்மையாக இருக்கும், கையில் பிழிந்தால் சொட்டவும் மாட்டாது. ஆனால் கீழே பொருக்கே இல்லை. ஸ்கீயைக் கழற்றி வெறும் சப்பாத்தோடு நின்று பாருங்கள். கணுக்காலுக்குள் நின்றால் சரி, முழங்கால் வரை போனால் அன்றைக்குப் பதம் வரவே இல்லை. அது காலையிலேயே பதம் கெட்ட பனி. ஆகவே வரைவிலக்கணம்: ‘ஆளைத் தாங்கும் உருகுறைப் பொருக்கின் மேல் இரண்டு முதல் ஐந்து சென்ரிமீற்றர் வரை மட்டும் இளகிய நிலை’.

இரவு முகிலைப் பற்றிக் கையேட்டில் அரை வரிதான் இருக்கிறது, அதைக் கூட்டவேண்டும். தெளிந்த வானத்தில் பனிப்பரப்பு வெப்பத்தை மேலே கதிர்வீசி இழக்கும். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு ஓரிரு பாகை மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறையும். முகில் மூடினால் அந்த வெப்பம் திரும்பி வரும், உறையாது. வெப்பமானியைப் பார்த்து ‘இரவு குளிர்தானே’ என்று வெளிக்கிடுபவர்கள் பிழைவிடுவது இங்கேதான்.

இனி, சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு பந்தியை எழுதிப் பார்த்தேன் (இதில் ஏறுதோல் என்பது ஏறும்போது ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டி, பல்தகடு என்பது பனியில் பிடிக்க ஸ்கீயோடு மாட்டும் பற்களுள்ள தகடு, குதி உயர்த்தி என்பது ஏற்றத்தில் குதியின் கீழ் நிமிர்த்தும் முண்டு):

> விடியப்புறம் தலைவிளக்கோடு வெளிக்கிடவும். பொருக்கு இறுகியிருக்கும்போது ஏறுதோலின் பிடி மட்டும் போதாது. சரிவு செங்குத்தாகும் முன், சமதரையில் நின்று பல்தகட்டை மாட்டவும். சரிவின் நடுவில் வழுக்கத் தொடங்கிய பிறகு மாட்டுவது கடினம். குதி உயர்த்தியை மேலே தூக்கினால் பல்தகடு பனிக்குள் இறங்கும் ஆழம் குறையும். ஆகவே இறுகிய பொருக்கில் உயர்த்தியைத் தாழ்த்தி, சாய்வைக் குறைத்து வளைந்து ஏறவும். கிழக்குச் சரிவில் பதம் முதலில் வரும், பிறகு தெற்கு, பிறகு மேற்கு. இறங்கப்போகும் சரிவின் உச்சியில் பதம் வரமுன் போய்ச் சேர்ந்து காத்திருக்கவும். முந்தினால் காத்திருக்கலாம், பிந்தினால் அந்தச் சரிவைக் கைவிடவேண்டும்.

பதம் என்ற சொல் இங்கே உழைக்கிறது. ‘பதம் வரமுன்’ என்பதைப் பழைய ‘இளகிய பனி’யை வைத்து எழுதிப் பாருங்கள், மூன்று வரி போகும்.

கெட்ட பிறகு என்ன நடக்கும் என்பதையும் தெளிவாக எழுதவேண்டும். நீர் கீழே இறங்க இறங்க மணிகளைக் கட்டிவைத்திருந்த பிணைப்பு உருகும். இறங்கிய நீர் ஏதாவது ஒரு படையின் எல்லையில் தேங்கினால் அங்கே முழுப் படையும் வழுக்கும். முதல் அறிகுறி பாறைகளுக்கு அருகில். கறுத்த பாறை வெயிலில் சூடேறி, பக்கத்துப் பனியிலிருந்து சிறு உருண்டைகள் தானாகக் கழன்று சக்கரம் போல் உருளும். பிறகு ஒரு புள்ளியில் தொடங்கி விசிறி போல் விரியும் ஈரப் பனிச்சரிவு. உலர் பனிச்சரிவைவிட மெதுவானது என்று அலட்சியம் வேண்டாம், பாரம் மிகக் கூட. சுவிஸ் நாட்டின் டாவோஸிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கையில் உலர் ஆபத்தும் ஈர ஆபத்தும் வேறுவேறாக வரும். ஐந்து படி ஆபத்து அளவையில் (1 மிகக் குறைவு, 5 மிகக் கூட) காலையில் 1 அல்லது 2 என்று இருந்து பகலில் 3 ஆகலாம். காலைப் படியை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அறிக்கையைப் பாதிதான் வாசித்தது என்று அர்த்தம்.

இன்னொரு நிலையும் உண்டு, அதற்கும் சொல் வேண்டும்: பொருக்கு இருக்கிறது, ஆனால் மெல்லியது. ஸ்கீயின் பாரத்தில் முறிந்து உள்ளே இழுக்கும், திருப்பும்போது முழங்காலில் பிடிக்கும். ‘முறிபொருக்கு’ என்கிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

முறிபொருக்கு நல்லாயிருக்கு தம்பி. ஏறுதோல் எண்டது என்ன? ஆட்டுத்தோலா?

மாங்குளத்திலிருந்து:

தோல் இல்லை அண்ணை. ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலை ஸ்கீயின் அடியில் கட்டி ஏறினார்கள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அங்கோரா ஆட்டு உரோமம், அல்லது நைலோன், அல்லது இரண்டும் கலந்தது. ஒரு பக்கம் பசை, மறுபக்கம் பின்னோக்கிச் சாய்ந்த உரோமம். முன்னுக்கு வழுக்கும், பின்னுக்குப் பிடிக்கும். ஆட்டு உரோமம் நன்றாக வழுக்கும், நைலோன் நன்றாகப் பிடிக்கும், தேய்வதும் குறைவு. ஸ்கீயின் உலோக விளிம்பு இரு பக்கமும் இரண்டு மில்லிமீற்றராவது வெளியே தெரியும்படி வெட்டவேண்டும். விளிம்பை மூடினால் இறுகிய பொருக்கில் பக்கவாட்டுப் பிடி போய்விடும்.

வசந்தகாலத்தில் இதற்கு ஒரு தொல்லை இருக்கிறது. வெயில் பட்ட ஈரப் பனியில் ஏறி உரோமம் நனைந்து, அப்படியே நிழலில் கிடக்கும் குளிர்ந்த உலர் பனிக்குள் போனால், அதில் பனி கட்டிகட்டியாக ஒட்டும். ஒவ்வொரு காலும் கிலோக் கணக்கில் பாரமாகும். தட்டினால் விழும், பத்து அடியில் திரும்ப ஒட்டும். நிழலுக்குள் நுழையும் முன்பே மெழுகு தேய்க்கவேண்டும், நனைந்த பிறகு தேய்த்தால் அவ்வளவாகப் பிடிக்காது. இறங்கும்போது கழற்றிய தோலைச் சட்டைக்குள் வைத்தால் பசை குளிர்ந்து விறைக்காது, அடுத்த ஏற்றத்துக்கு ஒட்டும்.

கிளிநொச்சியிலிருந்து:

சரி. பதம், பதம் கெட்ட பனி (பிரித்து), உருகுறை மணி, உருகுறைப் பொருக்கு, முறிபொருக்கு: மறுப்பு வராவிட்டால் இவை பட்டியலுக்குப் போகின்றன. ‘மணிப்பனி’யை வானத்திலிருந்து விழுகிற ஆலிக்கு ஒதுக்கிவைக்கிறேன், அதற்கும் இதுவரை சொல் இல்லை. மாங்குளத்துக்காரரின் வரைவிலக்கணத்தில் ‘ஆளைத் தாங்கும்’ என்பதை ‘ஸ்கீ இன்றி நிற்கும் ஆளைத் தாங்கும்’ என்று மாற்றியிருக்கிறேன், ஸ்கீ பாரத்தைப் பரப்பிவிடும் என்பதால்.

ஏறுதோலுக்கு மட்டும் என் வாக்கு இன்னும் இல்லை. தோல் இல்லாத ஒன்றைத் தோல் என்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘ஏறுபட்டி’ என்றால் இடுப்பில் கட்டும் பட்டியோடு குழம்புமா? ரீச்சர், அண்ணை, ஞாயிறுக்குள் சொல்லுங்கோ. திங்கட்கிழமை பக்க அமைப்புக்குக் கொடுக்கவேண்டும்.