தூங்கும்போது எச்சில் ஒழுகுது, நிறுத்த வழி?

நிலாச்சோறு: தினமும் காலையில தலையணை நனைஞ்சு கிடக்கு. முன்னாடி இப்படி இல்ல. சுரப்பைக் குறைக்க மாத்திரை இருக்கா? அடுத்த வாரம் வெளியூர்ல நாலு பேரோட ஒரே ரூம்ல தங்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

ஈரோட்டான்: வயசு? எந்தப் பக்கம் படுப்பீங்க? மூக்கடைப்பு, குறட்டை, நெஞ்செரிச்சல்? வேற மருந்து எடுக்கறீங்களா? க்ளோசபின், டோனெபெசில் மாதிரி சிலது எச்சிலைக் கூட்டும். அப்படி இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

வேப்பங்கொழுந்து: வயித்துல பூச்சி. அல்பெண்டசோல் 400 மி.கி. ஒண்ணு போடுங்க, சரியாயிடும்.

கடைவாய்ப்பல்: பழைய இழையைத் தேடிப் பார்க்கற பழக்கம் யாருக்குமே கிடையாதா? தூக்கத்துல எச்சில் சுரப்பு குறையத்தான் செய்யும். ஒரு நாளைக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் சுரக்குது, ராத்திரி பங்கு அதுல சொற்பம். ஆனா விழுங்கறதும் குறைஞ்சுடுது. வாய் மூடியிருந்தா உள்ளேயே நிக்கும், திறந்திருந்தா சாய்ஞ்ச பக்கம் வழியும். வாய் ஏன் திறக்குதுன்னு பாருங்க. பூச்சி குடல்ல இருக்கு, வேப்பங்கொழுந்து. எச்சில் சுரப்பி தாடையில இருக்கு.

வேப்பங்கொழுந்து: பெரியவங்க சொன்னது எல்லாம் பொய்யா அப்ப?

குறட்டைப்புலி: சண்டை எதுக்கு? வாய்க்கு டேப் ஒட்டிட்டு மல்லாந்து படுங்க. முடிஞ்சது.

ஈரோட்டான்: மூக்கு அடைச்சிருந்தா டேப் ஆபத்து. மல்லாந்தா ஒழுகாது, சரி. ஆனா தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கு அதுதான் மோசமான படுக்கை.

குறட்டைப்புலி: அப்ப இடது பக்கம்.

கடைவாய்ப்பல்: அது நெஞ்செரிச்சலுக்கு. எச்சில் எந்தப் பக்கம் படுத்தாலும் ஒழுகும். கேட்டவரைப் பதில் சொல்ல விடுங்கப்பா.

நிலாச்சோறு: 27. மாத்திரை எதுவும் இல்ல. மூக்கடைப்பும் இல்ல, தினமும் சைலோமெட்டாசோலின் சொட்டு போட்டுட்டுத்தான் படுப்பேன். ரெண்டு மாசமா.

ஈரோட்டான்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அந்தச் சொட்டு மூக்குக்குள்ள ரத்தக்குழாயைச் சுருக்கும். வேகம் தீர்ந்ததும் முன்னைவிட வீங்கும். அஞ்சு நாளைக்கு மேல போனா அடைப்புக்குக் காரணமே சொட்டுதான். விடியற்காலையில மூக்கு அடைச்சு வாய் திறக்குது.

முதல்ல ஒரு மூக்குல மட்டும் நிறுத்துங்க. அது திறந்ததும் அடுத்தது. கொதிக்க வச்சு ஆறின தண்ணி 240 மி.லி., அயோடின் இல்லாத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. குனிஞ்சு, வாயால மூச்சு விட்டுக்கிட்டே இதால மூக்கைக் கழுவுங்க. குழாய்த் தண்ணி கூடவே கூடாது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தா, வலது மூக்குக்கு இடது கையால, நுனி காதுப் பக்கம் பார்க்க அடிங்க. நடுத்தண்டுல பட்டா ரத்தம் வரும். முழுப் பலனுக்கு ரெண்டு வாரம் ஆகலாம், அதனால ஊருக்குப் போறப்ப ஒரு துண்டு எடுத்துக்குங்க.

கடைவாய்ப்பல்: திடீர்னு ஒரு பக்கம் மட்டும் ஒழுகி, வாய் கோணி, பேச்சு குழறினா இங்க வந்து எழுதிட்டு இருக்காதீங்க. உடனே 108.

நிலாச்சோறு: டாக்டரும் சொட்டைத்தான் சொன்னார். ஸ்ப்ரே ஆரம்பிச்சாச்சு. நன்றி.

புதுவரவு: என் பையனுக்கும் இதே பிரச்சினை, அதே ஸ்ப்ரே அடிக்கலாமா?

கடைவாய்ப்பல்: தனி இழை போடுங்க. வயசைச் சொல்லுங்க. அடினாய்டு, அதான் மூக்குக்குப் பின்னாடி இருக்கற சதை, பார்த்தாச்சான்னும் சொல்லுங்க.