தாயகம் திரும்பியோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்ய நிதிநல்கை பெறுவது எப்படி?

கேள்வி: பந்தலூர் ஆசிரியர்

வணக்கம். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழருள் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க வகைசெய்த 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் வேலையில் அமர்த்தப்பட்ட குடும்பங்கள் நீலகிரியின் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பகுதிகளில் ஏராளமாக உள்ளன. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்த கதையைத் தம் வாயால் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1970-இல் இருபத்தைந்து வயதில் வந்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பட்டதாரி இளைஞர்களும் சேர்ந்து முப்பது பேரையாவது பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்ய எண்ணியுள்ளோம். எங்களிடம் பதிவுபெற்ற அமைப்பு எதுவும் இல்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் நல்கை அறிவிப்பைப் பார்த்தோம். அதற்கு நாங்கள் விண்ணப்பிக்க முடியுமா? விண்ணப்பத்தில் எவற்றையெல்லாம் எழுத வேண்டும்?

மறுமொழி: உதகை ஆய்வாளர்

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படி, பண்பாட்டுப் பணிக்காக அத்தகைய நிதியைப் பெற நடுவண் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஏற்கெனவே அப்பதிவைப் பெற்ற ஓர் அறக்கட்டளையின் பெயரில் பணத்தை வாங்கி உங்களிடம் கொடுக்கச் சொல்லலாம் என்று சிலர் யோசனை கூறுவார்கள். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறோர் அமைப்புக்கோ நபருக்கோ மாற்றித் தர இயலாது. அந்த அமைப்பே திட்டத்தை ஏற்று, உங்களைத் தன் பணியாளர்களாக அமர்த்தி, செலவையும் கணக்கையும் தானே பார்த்துக்கொள்வதானால் மட்டுமே அந்த வழியைப் பற்றிப் பேச முடியும்.

மேலும், நிறுவனத்தின் நோக்கத்தைக் கூர்ந்து படியுங்கள். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழிவுநிலை ஆவணத் திட்டம் ஏற்கெனவே இருக்கும் பழைய ஆவணங்களை மின்னுருவாக்குவதை நோக்கமாகக் கொண்டது. 2002-இல் இலண்டனில் தொடங்கி இப்போது பெர்லினிலிருந்து இயங்கும் அழிவுநிலை மொழிகள் ஆவணத் திட்டம், இம்மலையின் தோடர், கோத்தர் மொழிகளைப் போன்றவற்றுக்குப் பொருந்தும். தமிழில் எடுக்கும் பேட்டிகளுக்குப் பொருந்தாது.

உங்கள் நிலையில் நான் முதலில் அணுகுவது பெங்களூருவிலுள்ள இந்தியக் கலைகள் அறக்கட்டளையைத்தான். தனிநபர்களும் அங்கே விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே முன்மொழிவை எழுதலாம். அது கலை, பண்பாட்டு ஆய்வுக்கான நல்கை என்பதால் பொதுவாக “வரலாற்றைக் காக்கிறோம்” என்று எழுதுவது போதாது. இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆடிய காமன் கூத்து, கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டு, கடல் தாண்டி வந்தபின் அவற்றுள் எது நிலைத்தது, எது நின்றுபோனது என்பன போன்ற கூர்மையான கேள்வி ஒன்று முன்மொழிவின் நடுவில் இருக்க வேண்டும்.

மறுமொழி: கோத்தகிரி ஒலிப்பதிவாளர்

மேலே சொன்னதை ஏற்கிறேன். வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் நல்ல முன்மொழிவுகள் பல அங்கேதான் வலுவிழக்கின்றன. கருவிக்குப் பெருந்தொகை ஒதுக்கி, ஒலியைக் கேட்டு எழுதும் எழுத்துப்பெயர்ப்புக்கு ஒரு சிறு தொகையைக் கடைசியில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் செலவு நேர்மாறானது. முப்பது பேரிடம் தலைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினால் நாற்பத்தைந்து மணி நேர ஒலி சேரும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஏழு மணி நேரம் என்று கொண்டால் 315 மணி நேரம், அதாவது ஒருவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் நாற்பது வேலைநாள். அந்த வேலையை வெளியூர் நிறுவனத்திடம் ஒப்படைக்காதீர்கள். லயம், பெரட்டு, கங்காணி, கொந்தரப்பு என்று தோட்டத்துச் சொற்களாகவே பேச்சு ஓடும்போது அதைப் பிழையின்றி எழுதக்கூடியவர்கள் அந்தப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகளே. பட்டதாரிகளான அவர்களுக்கு முறையான ஊதியம் எழுதுங்கள். அதை விண்ணப்பத்தின் சிறப்பாகவே எடுத்துரைக்கலாம்.

கருவியைப் பொறுத்தவரை, சட்டையில் பொருத்தும் ஒலிவாங்கி இரண்டும் நல்ல கையடக்கப் பதிவுக் கருவி ஒன்றும் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரு தட ஒலிக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி பிடிக்கும். எல்லாவற்றையும் மூன்று படிகளாக வைக்கும் வன்தட்டுச் செலவு அதிகமில்லை.

காலஅட்டவணையையும் நம் மலையை அறிந்து போடுங்கள். பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரக் கூரையின்கீழ் யார் பேச்சும் பதிவாகாது. மழை விட்டு, கொழுந்து வரத்தும் குறையும் ஜனவரி, பிப்ரவரியில் பேட்டிகளை வைத்தால் வீட்டாரும் உடன் இருப்பார்கள். இன்னும் வேலைக்குப் போகிறவரைப் பகலில் உட்கார வைப்பதானால், அன்றைய கூலிக்கு ஈடான தொகையைத் திட்டத்திலேயே காட்டுங்கள்.

கேட்டவர்: பந்தலூர் ஆசிரியர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பேட்டி தருவோருள் சிலர் குடியுரிமைத் தாள்கள் பற்றியும், இலங்கையில் இன்றும் வாழும் உறவினர்கள் பற்றியும் பேசுவார்கள். எல்லாவற்றையும் இணையத்தில் வைக்க வேண்டும் என்று நல்கை தருவோர் வற்புறுத்தினால் என்ன செய்வது?

மறுமொழி: உதகை ஆய்வாளர்

அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்; பின்னர் பேசித் தீர்க்கும் பொருளன்று. ஒப்புதல் படிவம் எளிய தமிழில் இருக்க வேண்டும், எழுத்தறியாதவருக்கு அதைப் படித்துக்காட்டி அவர் சம்மதத்தையும் ஒலியாகவே பதிய வேண்டும். முழுவதும் வெளியிடலாம், பெயரின்றி வெளியிடலாம், குறிப்பிட்ட ஆண்டுகள் மூடிவைக்கலாம் என்று மூன்று வழிகளை அவர்முன் வையுங்கள். பதிவைக் கேட்ட பிறகு மனம் மாறவும் அவகாசம் கொடுங்கள். வெளியிடத் தகுந்தவற்றின் ஒரு படியைப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று ‘நூலகம்’ என்னும் இணைய ஆவணக்காப்பக நிறுவனத்திடம் கேளுங்கள். இலங்கைத் தமிழர் ஆவணங்களை 2005 முதல் திரட்டிவரும் அவர்களுக்கு மலையகத்தின் அருமை தெரியும். ஏற்பதாக அவர்கள் எழுதித் தரும் கடிதத்தை விண்ணப்பத்துடன் இணையுங்கள். நல்கைக்காகக் காத்திராமல், மிக மூத்தவர்கள் இரண்டு மூன்று பேரை இருக்கும் கைபேசியைக் கொண்டே இந்த மாதம் பதிந்துவிடுங்கள். அப்பதிவின் பத்து நிமிடத்தையும் அதன் எழுத்துவடிவையும் மாதிரியாக அனுப்பலாம்.